தொண்டையில் நின்ற பூனை

எங்கள் மகள் பிறந்த மறுநாள் குழந்தைகள் டாக்டர் வந்து அவள் கண்ணைப் பார்த்தார், காதைப் பார்த்தார், காலைப் பிடித்து மடக்கி நீட்டினார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அதோடு போயிருக்கலாம். கதவு வரை போனவர் திரும்பி நின்று, "இன்னைலேர்ந்தே டெய்லி ஒரு புக் எடுத்து சத்தமா படிச்சுக் காட்டுங்க. பொறந்ததுலேர்ந்து கேக்கணும். அர்த்தம் புரியாது, பரவால்ல. குரல் கேட்டா சாக்கு, அது போதும்" என்றார். கன்னடக்கார அம்மா. எங்களுக்காகச் சிரமப்பட்டுத் தமிழில் சொன்னார். முழுக்கக் கன்னடத்திலேயே சொல்லியிருந்தால் நானும் புரியாத மாதிரி இருந்திருப்பேன்.

என் மனைவி அதைக் கேட்டுக்கொண்ட விதத்தைப் பார்த்தபோதே வேலை யார் தலையில் விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் பெங்களூர் காக்ஸ் டவுனில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. எங்காவது ஒரு வேலையைக் கண்டால் உடனே ஆள் பார்த்து ஒப்படைத்துவிடுவது அவள் தொழில் பழக்கம். டாக்டர் வராந்தாவைத் தாண்டுவதற்குள் என் பக்கம் திரும்பி, "கேட்டீங்கல்ல? என் குரலை வயித்துக்குள்ள இருந்தே கேட்டுக் கேட்டு அவளுக்கு அலுத்துப் போயிருக்கும். படிக்கிற வேலை உங்களுது" என்றாள்.

எனக்குத் திக்குவாய்.

எழுதுவதென்றால் இப்படி ஒரே வரியில் எழுதிவிடலாம். வாயால் சொல்வதென்றால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவேன். திக்குகிறவன் வாயில் நுழையவே நுழையாத ஓர் எழுத்தில் தொடங்கும்படி அந்த வியாதிக்குப் பெயர் வைத்தவன் எவனோ, அவன் நன்றாக இருக்கட்டும். ல, ம, ர, ஸ எல்லாம் என்னோடு சுமுகமாக இருப்பவை. க, த, ப மூன்றும் ஜென்ம விரோதிகள். அந்த எழுத்தில் ஒரு வார்த்தை தொண்டைக்கு வந்தால் அங்கேயே காலை ஊன்றி நின்றுவிடும். வலது கையால் என் தொடையில் ஓங்கி ஒன்று வைப்பேன். அடி விழுந்ததும் வார்த்தை வெளியே வந்து விழும். பள்ளிக்கூட நாளில் பெஞ்சுக்கு அடியில் நானே கண்டுபிடித்த வைத்தியம் அது.

கல்யாணத்துக்கு முன் நான் காக்ஸ் டவுனில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சிவாஜிநகரில் பஸ் ஏறினால் கண்டக்டர் வந்து நிற்பார். 'கா' வராது. பின்னால் இருக்கிறவர்கள் எல்லாரும் என் வாயையே பார்ப்பார்கள். வெறுத்துப்போய் "லிங்கராஜபுரம்" என்று அதற்கும் அப்பால் உள்ள ஊருக்கு டிக்கெட் வாங்கிவிடுவேன். 'லி' வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் கண்டக்டர் கண் முன்னால் காக்ஸ் டவுனில் இறங்க மானம் இடம் கொடுக்காது. லிங்கராஜபுரம் வரை போய் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். கல்யாணமானதும் லிங்கராஜபுரத்திலேயே வீடு பார்த்தேன். காற்று, வெளிச்சம், தண்ணீர் என்று மனைவியிடம் நாலு காரணம் சொன்னேன். டிக்கெட் வாங்க முடிகிற ஏரியா என்பதைச் சொல்லவில்லை.

தொழிலும் அப்படித் தேர்ந்தெடுத்ததுதான். பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிற வேலை. கோடு சரியாக இருந்தால் யாரும் வந்து பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். ஓட்டலில் எனக்குக் காபி குடிக்க ஆசையாக இருக்கும். வாய் "ராகி மால்ட்" என்று சொல்லும். சர்வர் நான் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனைக்கு வேதபாடம் வாசிக்க முறை வைத்திருந்தார்கள். என் முறை வரும் ஞாயிறுகளில் எனக்குக் காய்ச்சல் வரும். கர்த்தரே பார்த்து அனுப்பும் காய்ச்சல் என்று நான் நம்பினேன். என் மனைவி நம்பவில்லை.

இப்படிப்பட்டவனிடம்தான் புத்தகத்தைக் கொடுத்தார்கள்.

"உன் வாய்க்கு என்ன கேடு? நீயே படி" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஆன நேரத்தில் அவள் குழந்தைக்கு ஜட்டி மாற்றி முடித்திருந்தாள்.

"நான் லீவு முடிஞ்சு போயிட்டா காலைல நீங்கதான அவகூட இருப்பீங்க? அப்ப சுவரா படிக்கும்?"

அதுவும் உண்மை. அவள் பள்ளி காலையிலிருந்து மதியம் வரை. என் ஷிப்ட் மதியத்துக்கு மேல். ஒருவர் வந்ததும் ஒருவர் கிளம்பி, பிள்ளையை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. பார்த்துக்கொள்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. குளிப்பாட்டுவேன், தூளி ஆட்டுவேன். பிள்ளை பேசாது, நானும் பேசமாட்டேன், இரண்டு பேரும் சௌகரியமாக இருக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

ஆனால் என் பயம் சோம்பலால் வந்தது இல்லை. என் தாய்மாமனுக்கும் திக்கும். நான் அவர் தோளில் வளர்ந்தவன். அவர் கைக்கடிகாரம் என் தம்பிக்கு வந்தது, திக்கல் எனக்கு வந்தது. எங்கள் மகள் வயிற்றில் இருந்த மாதங்கள் முழுக்க ஆண், பெண், கறுப்பு, சிவப்பு எதைப் பற்றியும் நான் ஜெபம் பண்ணவில்லை. இது என்னோடு முடியட்டும் என்று மட்டும் கேட்டேன். இப்போது என்னடாவென்றால், பிறந்த மறுநாளிலிருந்து நானே அவள் காதில் அதை ஊற்ற வேண்டும் என்கிறார்கள்.

"ஒ... ஒட்டிக்கிச்சுன்னா?" என்று கேட்டேன்.

"அதென்ன சொறியா, சிரங்கா?" என்றாள் என் மனைவி. அடுத்த முறை தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டுவிட்டாள். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. டாக்டர், "ஏன் சார், நீங்க படிக்கிறதால ஒண்ணும் ஆகாது, படிங்க" என்று சிரித்தார். டாக்டர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதை நான் நம்புவதில்லை.

புத்தகம் என் மனைவி வாங்கி வந்தது, சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடைபாதைக் கடையில். குழந்தைப் படக்கதை. முதல் பக்கத்தைத் திறந்தேன். 'பெரிய பானைக்குள் பாலைப் பார்த்த பூனை பாய்ந்தது' என்று எழுதியிருந்தது. மூடிவிட்டேன். இதை எழுதியவன் போன ஜென்மத்தில் என்னிடம் உதை வாங்கியவனாகத்தான் இருக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் பானை உருண்டது, அதற்கடுத்த பக்கத்தில் கிளி கைகொட்டியது. படத்தில் பூனை மட்டும் நன்றாக இருந்தது.

திக்குவாய்க்காரனுக்கு ஒரு கலை தெரியும். வராத வார்த்தை தூரத்தில் வரும்போதே அவன் பார்த்துவிடுவான், சட்டென்று வேறு சந்தில் திரும்பிவிடுவான். நான் அதில் கெட்டிக்காரன். எங்கள் மகளை மடியில் சாய்த்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். பானை அண்டா ஆயிற்று. பூனை மீசைக்காரி ஆயிற்று. 'அந்த அண்டாவில் வெள்ளையாக ஒன்று இருக்க, மீசைக்காரி உள்ளே விழுந்தாள்.' எனக்கே பெருமையாக இருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி வந்து தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"மீசைக்காரி எங்க இருக்கா இதுல?"

"எல்லாம் ஒண்ணுதான்."

"டாக்டர் படிக்கச் சொன்னாங்க. கதை விடச் சொல்லல. எழுதியிருக்கிறத எழுதியிருக்கிறபடி படிங்க" என்று சொல்லிவிட்டு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் வகுப்பில் பிள்ளைகள் ஏன் அவ்வளவு ஒழுங்காக இருந்தார்கள் என்று அன்று தெரிந்தது.

படித்தேன். "ப்... ப்... ப்..." தொடையில் ஓர் அடி. "பெரிய." மறுபடி "ப்... ப்..." இன்னோர் அடி. "பானைக்குள்." வியர்த்துவிட்டது. குழந்தையின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பார்த்தேன். கண்ணை அகல விரித்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வார்த்தை நின்றபோது அவளும் அசையாமல் இருந்தாள். அடி விழுந்து வார்த்தை வந்ததும் இரண்டு காலையும் சேர்த்து உதைத்தாள்.

அதுவரை என் பேச்சைக் கேட்டவர்களில் சிலர் தரையைப் பார்ப்பார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மிச்சப் பேர் இரக்கப்பட்டு எனக்காக வார்த்தையை முடித்து வைப்பார்கள், அவர்கள்தான் மோசம். நின்ற வார்த்தை எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருந்த ஆளை நான் முதன்முதலாக என் மடியில்தான் பார்த்தேன். அவளுக்கு வேறு வேலை இல்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பூனை பானையை விட்டு வெளியே வரும் பக்கம் வரை அன்றைக்கே படித்து முடித்தேன்.

லீவு முடிந்து மனைவி பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் எனக்குக் குளிர்விட்டுப்போயிற்று. மேற்பார்வைக்கு ஆள் இல்லை. புத்தகம் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட, கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குக்கரோடு வந்த விளக்கத்தாள் படித்தேன். சபைப் பத்திரிகையில் வந்த மரண அறிவிப்புகள் படித்தேன். பேப்பரில் வீட்டுமனை விளம்பரம் படித்தேன். ஊரைச் சுற்றி ஏரிக்கரை, ராகி வயல் ஒன்று விடாமல் கூறு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். 'கார்னர் சைட், காவேரி நீர் விரைவில்' என்று படித்தால் எங்கள் மகள் கெக்கெக்கே என்று சிரிப்பாள். அந்தக் காவேரி நீர் அங்கே வந்து சேர எத்தனை காலம் ஆயிற்று என்று பார்த்தால் அவள் சிரித்தது நியாயம்தான்.

கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். மூன்று தலைமுறைக்கு முன் பெங்களூர் வந்த தமிழ்க் குடும்பம். பெரியவர்கள் மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள் என்று அவரே சொல்வார். தமிழும் கன்னடமும் அவர் வாயில் கைகோத்துக்கொண்டு வரும். நல்ல மனுஷி. ஆனால் வார்த்தையை முடித்து வைக்கிற ரகம். ஒருமுறை மேலே குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சொல்லக் கீழே இறங்கிப் போனேன். "த... த..." என்று நின்றேன். "தபாலா? தலவலியா? தேங்காவா?" என்று அடுக்கினார். எனக்கு அலுத்துவிட்டது, தலையை ஆட்டிவிட்டேன். ஒரு தேங்காயோடு மாடி ஏறி வந்தேன். குடத்தோடு நின்றுகொண்டிருந்த மனைவி அதற்கப்புறம் பேசியதை எழுத முடியாது.

மனைவி பள்ளிக்குப் போய்ச் சில நாள் ஆகியிருக்கும். ஒரு காலை நான் மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தபோது கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் வீட்டுக்கார அம்மா, கையில் தோசைக் கரண்டி, பின்னால் துணைக்குத் தெருவில் கீரை விற்கிற பெண்.

"ஏன்ப்பா, நீ மனுஷன்தானா? டீச்சர் அந்தப் பக்கம் போனதும் பச்சப் புள்ளய இப்படிப் போட்டு அடிக்கிறியே! தினா கேட்டுட்டேதான் இருக்கேன், பட்டு பட்டுன்னு. சும்னே இருக்க முடியுமா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். 'இ' எனக்குச் சுலபமான எழுத்துதான். ஆனால் கோபமும் அவமானமும் சேர்ந்து வந்தால் என் வாயில் சுலபமான எழுத்து என்று எதுவும் மிஞ்சாது. நான் சொல்ல நினைத்தது 'படிக்கிறேன்'. "ப்... ப்... ப்..." என்று நின்றேன். "புள்ள சொல்பேச்சு கேக்கலியா? பசியா? பால் குடிக்கலியா?" என்று அவர் முடித்து முடித்துப் பார்த்தார். நான் ஓங்கித் தொடையில் அடித்தேன். கீரைக்காரப் பெண் ஓரடி பின்னால் போனாள். உள்ளே பாயில் கிடந்த எங்கள் மகள் அடிச் சத்தம் கேட்டதும் காலை உதைத்துக்கொண்டு சிரித்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள், என் தொடையைப் பார்த்தார்கள், பாயில் விரித்து வைத்திருந்த பூனையைப் பார்த்தார்கள்.

"படிக்கிறேன்" என்றேன்.

வீட்டுக்கார அம்மா கரண்டியைத் தாழ்த்தினார். கீரைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே கீழே போய்விட்டாள். அம்மா போகவில்லை. பாயில் உட்கார்ந்து குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு குரலை இறக்கிப் பேசினார். "தம்பி, தப்பா நெனச்சுக்காத. அடிச்சிருந்தாகூட பரவால்லப்பா, ஆறிடும். இது வேணாம். புள்ளைங்க கிளி மாதிரி. எத கேக்குதோ அதத்தான் திருப்பிச் சொல்லும். பொண்ணு வேற. நாளைக்கு ஒரு எடத்துல நின்னு பேச வேணாமா? நான் சொல்றது சரி அல்வா?" 'அல்லவா' என்பது அவர் கன்னடத்தில் அல்வா ஆகிவிடும்.

சரிதான் என்றுதான் எனக்கும் பட்டது. டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னதை நம்பாத மனது, இவர் சிரிக்காமல் சொன்னதை உடனே நம்பிவிட்டது.

மறுநாளே வசம்போடு வந்தார். விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் இழைத்து, குழந்தை நாக்கில் தடவினால் பேச்சு மணி மணியாக வரும் என்றார். ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி வீட்டில் இருந்தாள். பாலைத் தவிர எதுவும் குழந்தை வாயில் வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சொல்லி ஒரே பேச்சில் மறுத்துவிட்டாள். "அப்படின்னா அப்பனுக்குத் தடவறேன். மூல காரணமே அவன்தான" என்றார் வீட்டுக்கார அம்மா. என் மனைவி இதற்கு ஆட்சேபம் எதுவும் சொல்லவில்லை. நாக்கை நீட்டினேன். கசப்பு உச்சந்தலை வரை ஏறியது. அன்று பொழுது சாயும் வரை எனக்கு ல, ம, ரகூட வரவில்லை.

ஒரு வயது ஆயிற்று. எங்கள் மகள் நடந்தாள், ஏறினாள், அலமாரியைக் கவிழ்த்தாள். பேச்சு மட்டும் "ம்மா", "ப்பா" என்பதற்கு மேல் போகவில்லை. பள்ளியில் கூட வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பாட்டே பாடுவதாக மனைவி வந்து சொல்வாள், சாதாரணமாகத்தான் சொல்வாள். எனக்குச் சோறு இறங்காது. "ப்பா" என்று அவள் கூப்பிடும்போதெல்லாம் அதில் எத்தனை 'ப்' இருக்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். பிள்ளை அப்பா என்று கூப்பிட்டால் உலகத்தில் எல்லாரும் உருகுவார்கள், நான் பரிசோதனை பண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் படிப்பதை நிறுத்திவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. புத்தகத்தைப் பெட்டிக்குப் பின்னால் சொருகினேன். காலை முழுக்கப் பொம்மையை உருட்டி, கழுத்தில் உட்கார வைத்துக்கொண்டு மொட்டைமாடியைச் சுற்றி வந்து, வாயைத் திறக்காமல் ஓட்டினேன். அவள் முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் புத்தகத்தை இழுத்துக்கொண்டு தள்ளாடி நடந்து வந்தாள். மடியில் போட்டாள். நான் சும்மா இருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் குட்டிக் கையை ஓங்கி என் தொடையில் ஓர் அடி வைத்தாள், வைத்துவிட்டு வாயைப் பார்த்தாள். என் வாயிலிருந்து எதுவும் வராததால் இன்னும் பலமாக ஒன்று வைத்தாள்.

அழுகை வந்துவிட்டது. இப்படிக் கேட்கிற பிள்ளைக்கு இல்லை என்று சொல்ல எந்த அப்பனுக்கு மனது வரும்? வருவது வரட்டும் என்று பானையையும் பூனையையும் மறுபடி எடுத்தேன்.

அதற்குப் பிறகு சில மாதங்களில் பேசினாள். பேசினாள் என்பது சாதாரண வார்த்தை. காவேரித் தண்ணீர் விடுகிற நாளில் குழாய் எப்படிக் கொட்டுமோ அப்படிக் கொட்டினாள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் வளைந்து முடிப்பாள். க, த, ப மூன்றும் அவளிடம் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடந்தன. அவளை நிறுத்தத்தான் ஆள் தேவைப்பட்டது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சின்ன வயதில் என்னைப் பார்த்துச் சொல்லாத ஆள் கிடையாது. அவர்கள் எல்லாரையும் வரவழைத்து வரிசையாக உட்கார வைத்து எங்கள் மகளைப் பேச விட வேண்டும் போலிருந்தது. நான் சபைக்குக் காணிக்கை போட்டேன். வீட்டுக்கார அம்மா வசம்புதான் காரணம் என்றார். அந்த வசம்பு போனது என் நாக்கில் என்று யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.

அவளுக்கு மூன்று வயது நெருங்கும்போது ஒரு ஞாயிறு சாயங்காலம். ஆராதனை, சாப்பாடு, தூக்கம் எல்லாம் முடிந்து நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். வீட்டுக்கார அம்மா முருங்கைக்காய் கொடுக்க வந்தவர் உட்கார்ந்து மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மகள் மூலையில் பொம்மைக்குப் பாய் விரித்துப் படுக்க வைத்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ப்... ப்... ப்..." என்றாள். கையை ஓங்கித் தன் தொடையில் அடித்தாள். "பெரிய. ப்... ப்... ப்..." இன்னோர் அடி. "பானைக்குள்ள."

நின்ற வார்த்தையை நெற்றியைச் சுருக்கி, மோவாயை உயர்த்தி, கண்ணை இறுக மூடி அவள் தள்ளினாள். என் முகம் அப்படித்தான் ஆகும் என்று எனக்கே அதுவரை தெரியாது. கண்ணாடி பார்த்து யாரும் திக்குவதில்லை அல்லவா. வந்துவிட்டது, கடைசியில் வந்தேவிட்டது என்று நினைத்தேன். மாமன் நினைவு வந்தது. எழுந்து எங்காவது போய்விடலாம் போலிருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன் அல்வா?" என்றார் வீட்டுக்கார அம்மா. சொன்னது பலித்த திருப்தி குரலில் இருந்தது. ஆனால் அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

என் மனைவி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மூலைக்குப் போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கண்ணு, புக்கை மூடி வச்சிட்டு அந்தக் கதையை அம்மாவுக்குச் சொல்லு" என்றாள்.

புத்தகத்தை மூடினாள். "ஒரு பெரிய பானை இருந்துச்சாம்மா, அதுக்குள்ள பால் இருந்துச்சா, அந்தப் பூனை இருக்கில்ல, அது பாத்துட்டு ஒரே பாய்ச்சலா பாய்ஞ்சிடுச்சு, அப்புறம் பானை டமடமன்னு உருண்டு போயி கீழ்வீட்டு ஆன்ட்டி தலைமேலயே விழுந்துச்சு" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஓர் எழுத்துக்கூட நிற்கவில்லை. கடைசி வரி புத்தகத்தில் இல்லாதது.

"இப்ப நல்லாதான சொன்ன? புக்கைப் பாத்து சொல்லும்போது மட்டும் ஏன் அப்படிச் சொல்ற?"

எங்கள் மகள் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "அது சொல்றது. இது படிக்கிறதும்மா."

வீட்டுக்கார அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்து முதல் எழுத்திலேயே நின்றுவிட்டார். அந்த வீட்டில் அது வழக்கமாக என் ஒருவன் பிரச்சினை. என் மனைவி புத்தகத்தை நேராகப் பிடித்து, "இங்க பாரு, அம்மா படிக்கிறேன்" என்று வாசித்தாள். பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்டர் வந்தபோது பாராட்டிவிட்டுப் போன வாசிப்பு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் குரலை ஏற்றி, ஆற்று நீர் போல ஒரு பக்கம் போயிற்று. எங்கள் மகள் பொறுமையாகப் பக்கம் முடியும் வரை கேட்டாள். பிறகு பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள்.

"உனக்குப் படிக்கத் தெரியலம்மா. நீ சும்மா ஓடுற. வார்த்தை வர்ற வரைக்கும் இருக்கவே மாட்டேங்குற."

என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும் வந்தது. இரண்டையும் முந்தானையால் துடைத்தாள். எழுந்து வந்து புத்தகத்தை என்னிடம் நீட்டி, "போங்க, டீச்சர் நீங்கதான்" என்றாள்.

வெளி ஆள் முன்னால் உட்கார்ந்து நான் வாசித்ததே கிடையாது. மகள் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் இடம் பிடித்தாள். ஆரம்பித்தேன். 'பெரிய' வந்துவிட்டது. 'பானைக்குள்' நின்றது, நன்றாகவே நின்றது. மனைவியும் வீட்டுக்கார அம்மாவும் பார்த்துக்கொண்டிருந்ததில் தொடையில் அடிக்கவும் கை எழவில்லை. பாவம், பார்க்கப் பொறுக்காமல் வீட்டுக்கார அம்மா முடித்து வைக்க வாயைத் திறந்தார். எங்கள் மகள் அவர் பக்கம் திரும்பி விரலைத் தூக்கினாள்.

"இருங்க ஆன்ட்டி. அப்பா படிக்கிறாங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று நான் எடுத்துக்கொண்ட நேரம் ரொம்ப அதிகம். மூன்று பேரும் என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். நானும் அவசரப்படவில்லை.